வறட்சி என்று எழுதிய கொடி

அவரை எல்லோரும் கொடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாக வனத்துறையில் தற்காலிகக் காவலர். காவல் காப்பது யானையையோ புலியையோ அல்ல, ஓர் அபூர்வக் கொடியை. அந்த மலையில் மொத்தமே மூன்று இருந்தன, இப்போது இரண்டு. அதற்கு இருக்கிற வீம்பு கொஞ்சநஞ்சமில்லை. கால் நிழலில் இருக்க வேண்டும், தலை வெயிலில் இருக்க வேண்டும். அடியில் சருகு கணுக்கால் ஆழத்துக்கு மக்கிக் கிடக்க வேண்டும், சுற்றி முள்புதர் வேண்டும். தெரியாதவர் கண்ணுக்கு அந்த இடம் சுத்தக் குப்பைமேடு.

காலை எட்டு மணிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பெண் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே அரிவாளோடு இரண்டு ஆட்கள். மறுநாள் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்களாம். அதிகாரி ஒரு பழைய படத்தை நீட்டினார். மூன்றாவது கொடியின் படம். புதரை வெட்டி, சருகைக் கூட்டி, சுற்றிலும் வெள்ளையடித்த கல் பதித்திருந்தது.

"இது நீங்க பண்ணதுதானே? பளிச்சுன்னு இருக்கு. மத்த ரெண்டையும் இதே மாதிரி பண்ணிடுங்க."

கொடிக்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். அந்த வேலைக்காக அன்று தட்டிக்கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் கொடி அடியிலிருந்து கருகிப்போனது. பயந்துபோய்ப் பதிவேட்டில் 'வறட்சி' என்று எழுதிவிட்டார். அந்த வருடம் ஆற்றில் வெள்ளம் போனதை ஒருவரும் யோசிக்கவில்லை.

"வேண்டாம் மேடம். வேர்ல வெயில் பட்டா தாங்காது."

"படத்துல நல்லாத்தானே இருக்கு?"

"அது செத்துப்போச்சு மேடம்."

"வறட்சியில. பதிவேட்டுல பார்த்தேன்."

வேலை நிரந்தரமாகிற மாதம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்று மனைவி காலையில்தான் கெஞ்சியிருந்தாள். இருக்கத்தான் பார்த்தார். முதல் அரிவாள் புதரில் இறங்கிய சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். முள் கையைக் கிழித்தது.

"வெட்டாதீங்கப்பா! மேடம், வறட்சி இல்ல. நான் சுத்தம் பண்ணித்தான் அது செத்துச்சு. நான் எழுதினது பொய்."

ஆட்கள் அரிவாளைத் தாழ்த்தினார்கள். அதிகாரியின் முகம் வெளுத்தது. ஜீப்பிலிருந்து பதிவேட்டை எடுத்து வந்தார்.

"அப்ப இதை அடிச்சிட்டு, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போட்டா உங்க வேலை போயிடும். தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும் மேடம்."

பதிவேட்டை வாங்கி எழுதினார். 'இடத்தைச் சுத்தம் செய்ததால் கொடி செத்தது. செய்தவன் நான்.' கையெழுத்தும் போட்டார். பதினொரு வருடம் ஒரு வரியில் போனது.

அதிகாரி அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். அப்படியே ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் படத்தை எல்லா மலைக்கும் அனுப்பியிருந்தாங்க. இப்படித்தான் பராமரிக்கணும்னு. முன்னாடி வேலை பார்த்த மலையில நானும் இதைப் பார்த்துத்தான் சுத்தம் பண்ண வச்சேன்."

"அங்கயும் இந்தக் கொடி இருந்துச்சா மேடம்?"

"ஏழு இருந்துச்சு." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நானும் வறட்சின்னுதான் எழுதினேன்."