நான்காம் வாசலுக்கு வந்த விருந்தாளி

கதவோரம் ஓர் அட்டைப்பெட்டி காலியாகக் கிடந்தது. புனித நிக்கோலாவின் படம் சரியாக உள்ளே போகும் அளவு. தெசாங்கா அதைக் கடைக்காரனிடம் கேட்டு வாங்கி வந்து மூன்று நாளாயிற்று. சனிக்கிழமை மகன் நெபோய்ஷா ஆஸ்திரியாவிலிருந்து காரில் வருவான். அம்மாவையும் படத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அப்படித்தான் பேச்சு.

ஆனால் அந்தப் பேச்சில் தெசாங்கா ஒரு கொக்கி போட்டு வைத்திருந்தாள், மகனுக்குத் தெரியாமல். நிக்கோலா திருநாள் அன்று ஒரே ஒருத்தராவது வீட்டுக்கு வந்தால் அவள் போகமாட்டாள். ஈ காக்கை வரவில்லையென்றால் இந்த ஊரில் தனக்கு வேரில்லை என்று அர்த்தம்; படத்தைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிடுவாள்.

அவள் பட்டதைக் கேட்டால் யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். போன வருஷம் பங்குனியில் கணவன் மிலோயே மாரடைப்பில் போனான். வைகாசியில் பத்து நாள் விடாத மழை. வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்று ஒரு காலை நேரத்தில் அப்படியே இறங்கி வந்து சமையலறையையும் மாட்டுக்கொட்டிலையும் விழுங்கிவிட்டது. சுவரில் தொங்கிய நிக்கோலா படத்தைக் கழற்றி மாரோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தவள்தான், வேறெதையும் எடுக்கவில்லை. அரசாங்கம் பாஞ்செவோ நகரத்தில் ஓர் அடுக்கு வீடு கொடுத்தது, பத்து வாசல் உள்ள நீளக் கட்டடத்தில் நான்காம் வாசல், மூன்றாம் மாடி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. நாளைக்கு இருநூறு படுக்கை விரிப்பு இஸ்திரி போடுவாள். "ஆண்டவரே, நீர் கொடுத்த கை இருக்கு, கால் இருக்கு, போதும்" என்று ஒவ்வொரு காலையும் சொல்லிவிட்டுத்தான் பேருந்து ஏறுவாள். அழுததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான், அதுவும் கோவிலில்.

போன டிசம்பரில் இதே திருநாள் வந்தபோது மிலோயே இறந்த துக்க வருஷம் முடியவில்லை. அதனால் கதவைச் சாத்திக்கொண்டு மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றினாள். இந்த வருஷம் அந்தச் சாக்கு இல்லை.

எங்கள் நாட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. அவர் நாளில் வீடு திறந்திருக்கும். யாரையும் அழைப்பதில்லை, அழைப்பது அவமானம். தெரிந்தவர் தானாக வருவார். ஒருமுறை வந்து தின்றவர் சாகும்வரை வருவார். வீட்டுக்காரர் அன்று முழுக்க உட்காரவும் கூடாது, நின்றுகொண்டே பரிமாற வேண்டும்.

புது ஊருக்கு வந்தவள் முதல் வருஷம் நாலு பேரிடம் வாய்விட்டுச் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் தெசாங்காவுக்கு வீம்பு. "எங்க வீட்டுல முந்நூறு வருஷமா யாரையும் கூப்பிட்டதில்லை. நானா ஆரம்பிக்கணும்?" என்று மகனிடமே சீறினாள். சொன்னால்தானே தெரியும்! சலவைக்கூடத்துப் பெண்களுக்கு அவள் வீடு எந்தத் தெருவில் என்பதே தெரியாது. அதோடு நிக்கோலா நாள் என்றால் ஊரில் பாதிப்பேர் வீட்டில் விருந்து, மீதிப் பாதி அந்த விருந்தில். அவளைத் தேடி யார் வருவது?

காலையில் திருநாள் ரொட்டியைக் கோவிலுக்குக் கொண்டு போனாள். ரொட்டியைத் திருப்பி, திராட்சை ரசம் ஊற்றி, பாதிரியாரும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உடைப்பது வழக்கம். மற்ற ரொட்டிகளுக்கு அப்பனும் பிள்ளையும் பேரனுமாக ஆறு கை. இவளுடையதற்கு இரண்டே கை. பாதிரியார் கவ்ரிலோவிடம் மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டாள்.

"மெழுகுவர்த்தி தீர்ற வரைக்கும் பாப்பேன், சாமி. யாரும் வரலேன்னா நான் கிளம்பறேன்."

"அடியேய், ஆண்டவருக்கே கெடு வைக்கிறியா?" கவ்ரிலோவுக்கு எழுபது வயது, கோபம் மட்டும் இருபது வயசுக்காரனுக்கு உள்ளது. "மெழுகுவர்த்தி ஏத்தறது உன் வேலை. ஆள் அனுப்பறது அவர் வேலை. அவர் வேலையில நீ ஏன் தலையிடறே? போ, போய் மீனைக் கருக விடாம வறு."

கிறிஸ்துமஸுக்கு முந்திய நோன்புக் காலமாகையால் இறைச்சி, பால், முட்டை எதுவும் ஆகாது. கெண்டை மீன் வறுத்தாள், அடுப்பில் வெங்காயமும் பீன்ஸும் வேக வைத்தாள், வால்நட் சுருள் ரொட்டி நாலு சுட்டாள். சர்க்கரையும் வால்நட்டும் கலந்து வேக வைத்த கோதுமையைத் தட்டில் குவித்து, மேலே சிலுவை வரைந்தாள். இருபது பேர் சாப்பிடும் சாப்பாடு. நம்பிக்கையில்லாதவள் இவ்வளவு சமைப்பாளா? அவளுக்கே அது விளங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மெழுகுவர்த்தியை ஏற்றி, மேசைப் பக்கத்தில் நின்றாள். ஒரு மணி. இரண்டு மணி. ஒவ்வொரு தடவை படிக்கட்டில் காலடி கேட்டபோதும் தலைமுண்டைச் சரிசெய்தாள். காலடி ஒவ்வொன்றும் வேறு மாடிக்குப் போயிற்று. மூன்று மணிக்குக் கால் கடுத்தது. நெஞ்சும் கடுத்தது. "குன்னு சரிஞ்சப்போ கூட உம்மை நான் விடலையே, அப்பா. நீர் என்னை விட்டுடாதேயும்" என்று படத்தைப் பார்த்து வாய்விட்டே அழுதாள்.

அப்போது மணி அடித்தது.

கதவைத் திறந்தால், ரயில்வேச் சீருடையில் தடித்த மீசைக்காரர் ஒருவர். ஒரு கையில் ஒயின் புட்டி, மறு கையில் காப்பிப் பொட்டலம். "திருநாள் வாழ்த்துக்கள், வீட்டம்மா!" என்று முழங்கிவிட்டு, மூன்று முறை கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டு, படத்துக்குச் சிலுவை போட்டு, ஒரு கரண்டி கோதுமை தின்று, மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

விருந்தாளியை 'நீ யார்' என்று கேட்பது எங்களில் மகா பாவம். தெசாங்கா கேட்கவில்லை. பிளம் சாராயம் ஊற்றினாள். மனசுக்குள் நிக்கோலாவுக்கு நன்றி சொல்லிச் சொல்லி மாளவில்லை.

"எங்க வீட்டுக்காரி இன்னும் வரலையா?" என்றார் மீசைக்காரர்.

"இன்னும் யாரும் வரலைங்க. நீங்கதான் முதல்."

"நினைச்சேன்! முடி அலங்காரத்துக்குப் போயிருப்பா. அறுபது வயசுல அலங்காரம்." மீனைப் பிட்டு வாயில் போட்டார். "அடடா! வீட்டம்மா, இந்த மீனுக்கே என் பொண்ணை இந்த வீட்டுக்குக் குடுக்கலாம். உங்க பையனும் தங்கம். அவனைப் பத்தி எம் பொண்ணு பேசாத நாளே இல்லை."

தெசாங்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "எ... எம் பையனைப் பத்தியா?"

"பின்னே? அவன் கைய விடமாட்டேங்கறா. வர்ற சித்திரையிலயே கல்யாணத்தை முடிச்சிடலாம்னு பாக்கறேன்."

இத்தனை வருஷம் வளர்த்த பிள்ளை! விருந்தாளி மரியாதை ஒரு பக்கம், பெற்ற வயிறு ஒரு பக்கம், வயிறுதான் ஜெயித்தது.

"ஐயா, எம் பையனுக்குக் கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷம் ஆச்சு. ரெண்டு பிள்ளைங்க இருக்கு!"

"என்னது!" மீசைக்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "அந்தப் படவாவை..." அதே நொடியில் அவர் பையில் தொலைபேசி அலறியது. எடுத்தார். ஒரு பெண் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"யோவ், எங்கேய்யா இருக்கே? சம்பந்தி வீட்டுல எல்லாரும் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கோம்!"

"நான் சம்பந்தி வீட்லதான்டி இருக்கேன்! மூணாம் மாடி, இடது பக்கம்!"

"எந்த வாசல்?"

மீசைக்காரர் தெசாங்காவைப் பார்த்தார். "நாலு," என்றாள் அவள், ஈனக் குரலில்.

"முதல் தடவை போற வீடு, ஆறாம் வாசல்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, மனுஷா!"

தொலைபேசியை வைத்தார். எங்கள் ஆண்கள் செத்தாலும் யாரிடமும் வழி கேட்கமாட்டார்கள். பத்து வாசலும் ஒரே அச்சில் வார்த்த கட்டடத்தில் அந்தக் கௌரவம் இப்படித்தான் முடியும். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது, வயிறு குலுங்கச் சிரித்தார். தெசாங்காவும் சிரித்தாள், ஆனால் பாதியில் நின்றுபோனது. ஆக, இவரும் தன்னிடம் வரவில்லை. வழி தப்பி வந்தவர். ஆண்டவர் ஒருத்தரை அனுப்பினார், அதுவும் வேறு வீட்டு விருந்தாளியை.

"நீங்க கிளம்புங்க, ஐயா. அங்கே காத்திருப்பாங்க," என்றாள். சொல்லும்போதே கண் கதவோரப் பெட்டிக்குப் போயிற்று.

அவரும் பெட்டியைப் பார்த்தார். ஒரே ஒரு தட்டில் மட்டும் எச்சில் பட்ட மேசையையும், அடுக்கியபடி இருந்த பத்தொன்பது தட்டுகளையும் பார்த்தார். கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி, மறுபடி உட்கார்ந்தார்.

"எம் பேரு வுகாஷின்," என்றார். "கிளம்பறதாவது? பாதி மீன் தட்டுல கிடக்கு. கோதுமை தின்னாச்சு, உங்க புனிதர் முன்னாடி சிலுவை போட்டாச்சு. இனிமே வருஷா வருஷம் நான் இங்க வந்தாகணும். வரலேன்னா பாவம் எனக்கு. நான் வந்து நிக்கறப்போ இந்தக் கதவைத் திறக்க ஆளில்லேன்னா, பாவம் உங்களுக்கு. சொல்லிட்டேன்."

தெசாங்கா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

கால் மணி நேரத்தில் புருஷனைப் பிடித்து இழுத்துப் போக ரதோய்க்கா வந்தாள். அலங்கார முடி, இடுப்பில் கை. வாசலில் நின்றபடியே வையத் தொடங்கினாள். அதற்குள் கோதுமைத் தட்டு அவள் முன்னால் நீண்டது. திருநாள் கோதுமையை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? தின்றாள். உட்கார்ந்தாள். சுருள் ரொட்டியை வாயில் வைத்ததும் வசவு மறந்துபோய், மாவு எப்படிப் பிசைந்தது என்று கேட்டாள். அம்மாவையும் காணோம் என்று மகளும் அவளைக் கட்டப்போகும் மாப்பிள்ளையும் வந்தார்கள். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள்: "ஒன்றரை வருஷமா தலைக்கு மேல குடியிருக்கே, நிக்கோலா உங்க வீட்டுப் புனிதர்னு ஒரு வார்த்தை சொன்னியா? வாயில என்ன, பூட்டா?" தெசாங்கா அவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

மாப்பிள்ளையைப் பெற்ற ஆறாம் வாசல் வீட்டுக்காரர்களால் வர முடியாது. தங்கள் திருநாளில் தாங்கள் வீட்டை விட்டு நகரக்கூடாதே. "அப்போ சாப்பாடு அங்கே போகட்டும்," என்றாள் தெசாங்கா. மீன், பீன்ஸ், இரண்டு சுருள் ரொட்டி எல்லாம் அடுக்கினாள். மாப்பிள்ளைப் பையன் தூக்கிக்கொண்டு போனான்.

ஐந்தரை மணிக்கு அவள் மெழுகுவர்த்தியை ஒயினில் நனைத்து அணைத்தாள். இன்னும் ஒரு சாண் மீதியிருந்தது. அன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்தாள். மகன் அழைத்தான்.

"அம்மா, நிக்கோலா படத்தைப் பெட்டியில வெச்சுக் கட்டிட்டியா?"

"பெட்டி இல்லப்பா," என்றாள் தெசாங்கா, வீங்கிய காலைத் தடவியபடி. "மீனை வெச்சு ஆறாம் வாசலுக்கு அனுப்பிட்டேன். சனிக்கிழமை நீ வா, பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா. அடுத்த வருஷம் ரொட்டி உடைக்க எனக்கு இன்னும் ரெண்டு கை வேணும்."