தெளிப்பும் முழுக்கும்

அக்கா எண்ணூர்க் கழிமுகத்தில் முழுகி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவள் மீன்காரம்மா. திருவொற்றியூரில் அக்கா வீட்டு வாசலிலும் கூடையை இறக்குவாள், கல்மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் தெருவிலும் இறக்குவாள்.

"உங்க அக்கா வெள்ளைப் பொடவையோட தண்ணியில எறங்கிச்சும்மா. ஒரு ஆளு தலையைப் புடிச்சு முக்கி எடுத்தாரு. கரையில நின்னு எல்லாரும் கைதட்டிப் பாடிக்கினு இருந்தாங்கோ" என்றாள். வஞ்சிரத்தை நறுக்கிக்கொண்டே, "கழுத்துல காதுல ஒண்ணும் இல்ல. வூட்டுக்காரரு நல்லாத்தானே கீறாரு?" என்று கேட்டாள்.

அத்தான் நன்றாகத்தான் இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் புதுச் சபையில் சேர்கிறவர்கள் நகையோடு தாலியையும் கழற்றிவிடுவார்கள். உயிரோடிருக்கும் புருஷனுக்குப் பக்கத்தில் அக்கா தாலியில்லாமல் நின்றாள். நான் அப்போது நிறைசூலி. உட்கார முடியாது, படுக்க முடியாது. அன்றிலிருந்து மனசும் அப்படியே ஆயிற்று.

நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். என் வீட்டுக்காரருக்கு மிளகாய் வற்றலும் கருப்பட்டியும் மொத்தமாக விற்கும் மண்டி. கீழே மண்டி, மேலே வீடு. கீழே மூட்டை பிரித்தால் மேலே தும்மல் நிற்காது. அத்தானுக்குத் திருவொற்றியூர் தீப்பெட்டி ஆலையில் வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் இருந்தபோது பிறந்த ஒன்று உடனே தவறிவிட்டது. அப்போது நான் பாளையங்கோட்டையில் பள்ளி விடுதியில் இருந்தேன். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

அது, தென்னாட்டில் நாலைந்து பழைய சபைகள் வருஷக்கணக்காகப் பேசிப் பேசி ஒரே சபையாகச் சேர்ந்திருந்த புதிது. என் வீட்டுக்காரர் எங்கள் கோயில் கமிட்டியில் இருந்தார். அந்தச் சேர்க்கையைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். அதே வாயால், அக்கா சேர்ந்திருந்த, திருவொற்றியூர்க் கீற்றுக்கொட்டகையில் நடந்த புதுச் சபையைக் 'கைதட்டிக் கூட்டம்' என்பார். எங்கள் பெண்கள் சங்கத்தில் அக்காவை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொட்டகைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பழைய சபைக்காரர்கள் பெயர்க் கிறிஸ்தவர்கள், அவர்கள் வீட்டு ஜெபத்தில் உட்காரக்கூடாது என்று அங்கே போதித்தார்கள். இரண்டு பக்கமும் வசனத்தைக் கல்லைப்போல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. அக்கா பார்க்க வந்தாள். வெள்ளைச் சேலையில், வெறுங்கழுத்தோடு, அவளை முதல்முறை பார்த்தேன். முகம் மட்டும் தெளிந்திருந்தது. வருஷக்கணக்காக அவள் கண்ணுக்குக் கீழே கிடந்த கருப்பு போயிருந்தது. நான் வருத்தப்படத் தயாராக இருந்தேன். அவளோ சந்தோஷமாக இருந்தாள். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையை மடியில் வாங்கி உச்சியை முகர்ந்தாள். என் வீட்டுக்காரர் படியேறி வந்து, "வாங்க மதினி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே என் பக்கம் திரும்பி, "அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் வச்சிருக்கு. குருவானவர்கிட்ட சொல்லியாச்சு" என்றார்.

அக்கா பிள்ளையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பச்சைப் பிள்ளைக்கு எதுக்குத் தம்பி ஞானஸ்நானம்? அது என்ன பாவத்தைக் கண்டுச்சு?" என்றாள்.

"ஓகோ. அப்ப எங்க ஞானஸ்நானமெல்லாம் சும்மா தலையில தண்ணி தெளிச்சதுதானா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"உங்க கொட்டகையில அப்படித்தான் சொல்லுதாக. நாங்க நரகத்துக்குப் போற கூட்டம்னு சொல்லுதாக. அங்க போய்க் கைதட்டுங்க மதினி. என் பிள்ளை விஷயத்துல வாயை வைக்காதீங்க."

அக்கா பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். "நான் அன்னைக்கு வரமாட்டேன் பிள்ள. மனசாட்சிக்கு விரோதமா வந்து நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் இறங்கிப் போனாள்.

அதன் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் பரபரக்கும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பேன். பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையத்துப் பக்கமிருந்து கரிப்புகை வந்து காயப்போட்ட தூளித்துணியில் படியும். உதறி மறுபடி காயப்போடுவேன். துறைமுகத்துச் சங்கு ஊதினால் பிள்ளையைவிட நான்தான் திடுக்கிடுவேன். வீட்டுக்காரரிடம் இருக்கும்போது அக்காவுக்காகப் பேசுவேன். தனியாக இருக்கும்போது அக்காவோடு மனசுக்குள் சண்டை போடுவேன். யார் பேசுவதும் எனக்குச் சரியாகவே பட்டது. யாராவது ஒருவர் தப்பென்று தீர்மானமாகிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றிருந்தது.

மீன்காரம்மா ஒருநாள், "இன்னாம்மா, அந்தம்மா அங்க அழுவுது, நீ இங்க அழுவுற. நடுவுல நான் ஒருத்தி சேதி தூக்கிகினு அலையுறேன். பேசித் தொலைச்சாத்தான் இன்னா?" என்று அலுத்துக்கொண்டாள். அவளுக்கு அது உண்மையிலேயே தொந்தரவாகத்தான் இருந்திருக்கும்.

அவளிடமே சொல்லியனுப்பினேன், ஞாயிற்றுக்கிழமை இரண்டு சபை ஆராதனையும் முடிந்த பிறகு அத்தானும் அக்காவும் சாப்பிட வரவேண்டும் என்று. வீட்டுக்காரரிடம், "சாப்பாடு போட்டுப் பேசப்போறேன். நீங்க எந்திரிச்சுப் போகக்கூடாது. அவ்வளவுதான் கேக்குதேன்" என்றேன். "பேசி என்ன ஆகப்போவுது?" என்றார். "நாலு சபை பேசிச் சேரலையா? ரெண்டு வீடு பேசக்கூடாதா?" என்றேன். அவர் கடைக்கு இறங்கிவிட்டார்.

வந்தார்கள். சாப்பிடும்வரை விலைவாசியையும் ஆலையையும் பற்றிப் பேசினோம். இலை எடுத்த பிறகு நானே ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷத்துக்குள் பழையபடி ஆயிற்று. இவர் ஒரு வசனம் சொன்னார், அவள் ஒரு வசனம் சொன்னாள். "நீங்க சொல்லுதது என்னன்னா..." என்று இவர் தொடங்கினாலே, "நான் அப்படிச் சொல்லலை" என்று அக்கா வெட்டினாள். அவள், "உங்க சபையில..." என்றால் இவர் கையை ஓங்கி மேஜையில் தட்டினார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அவர் இன்னும் முழுக்கு எடுக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்.

கல்யாணத்துக்கு முன் நான் வாத்திச்சி வேலை பார்த்தவள். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சண்டைபோட்டால் செய்கிற ஒன்று ஞாபகம் வந்தது.

"நில்லுங்க. அக்கா என்ன நம்புதான்னு முதல்ல நீங்க சொல்லுங்க. அவ 'ஆமா, இதுதான்'னு ஒத்துக்கிட்ட பிறகு மறுத்துப் பேசுங்க. பிறகு அக்காவும் அதேபோல உங்களுக்குச் சொல்லணும்" என்றேன்.

"இது என்ன பள்ளிக்கூடமா?" என்றார். ஆனாலும் முயன்றார். "மதினி நம்புதது... சின்னப் பிள்ளைக்குக் கொடுக்குற ஞானஸ்நானம் செல்லாது. வளந்தவங்க தண்ணியில முங்கினாத்தான் மோட்சம்."

"இல்லை" என்றாள் அக்கா.

"வேற என்ன?"

"அதுல பாதிகூட இல்லை."

"அப்ப நீங்களே சொல்லுங்க. கேக்குதேன்" என்றார். எரிச்சலோடுதான் சொன்னார். ஆனால் கேக்குதேன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

கீழே ஆள்கள் மூட்டை நகர்த்தினார்கள் போலிருக்கிறது, மிளகாய் நெடி ஏறி நான்கு பேரும் மாறி மாறித் தும்மினோம். அது அடங்கியதும் அக்கா சொன்னாள்.

"என் பிள்ளை பிறந்து மறுநாளே போயிட்டு. ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு அடக்க ஆராதனை கிடையாதுன்னு ஊர்க்கோயில் உபதேசியார் சொல்லிட்டார். சட்டம் அப்படின்னார். மணியடிக்கலை, பாட்டு இல்லை. வேலியோரமா ஒரு குழி. இவுகளும் எங்க அப்பாவும்தான் கொண்டுபோனாக. பிள்ளை எங்க போச்சுன்னு நான் கேட்டேன். யாரும் பதில் சொல்லலை. பத்து வருஷம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கோயில்ல உக்காந்து அதைத்தான் கேட்டேன். அந்தக் கொட்டகையில முதல் நாள் போனப்போ பாஸ்டர் சொன்னார், பச்சைப் பிள்ளைக்குத் தண்ணி தேவையில்லை, அது ஆண்டவருடைய மடியிலதான் இருக்குன்னு. நான் அங்கயே விழுந்து அழுதேன் தம்பி. கைதட்டுறதுக்காகப் போகலை."

கூடப்பிறந்தவள் நான், இது எனக்குத் தெரியாது. அத்தான் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

என் வீட்டுக்காரர், "அந்த உபதேசியார் செஞ்சது தப்பு மதினி. சட்டம் இருந்தாலும் தப்பு" என்றார். அவர் அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் அதையே பெரிய காரியமாக நினைத்திருப்பேன். அக்கா விடவில்லை.

"இப்ப நீங்க சொல்லுங்க. உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? நான் சொன்னது உங்களை எங்க குத்துச்சு?"

அவர் சொன்னார். காலரா வருஷம் அம்மாவும் அப்பாவும் ஒரே வாரத்தில் போனது, அவர் கைக்குழந்தையாக இருந்தது, சொந்தக்காரர்கள் தொடப் பயந்து நின்றது எல்லாவற்றையும். கோயில் குருவானவரின் மனைவி ஐயரம்மாதான் தூக்கிக்கொண்டுபோய் அந்த ஞாயிற்றுக்கிழமையே ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார்களாம். சபையே எழுந்து நின்று, இந்தப் பிள்ளையை நாங்கள் வளர்ப்போம் என்று சொன்னதாம்.

"எனக்கு விவரம் தெரியுறதுக்கு முன்னாலயே என்னை ஏத்துக்கிட்டாக. நானா தேடிப் போயிருந்தா எந்த வாசலுக்குப் போயிருப்பேன்? அந்தத் தண்ணி சும்மான்னு யாராவது சொன்னா, நான் அந்தத் திண்டாட்டத்துலயே கிடந்திருக்கணும்னு சொல்லுதது மாதிரி இருக்கு."

இது எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஞானஸ்நானத்தோடு அவர் அதைச் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்கா, "நான் அப்படி ஒருநாளும் நினைக்கலை தம்பி" என்றாள். பிறகு, "ஆனா கொட்டகையில அப்படிப் பேசுறது உண்டு. நானும் ஆமான்னு தலையாட்டியிருக்கேன்" என்றாள்.

அன்று யாரும் மனம் மாறவில்லை. மாறியதாகச் சொன்னால் பொய். அவர்கள் சாயங்கால ரயிலைப் பிடிக்கக் கிளம்பினார்கள். வாசலில் என் வீட்டுக்காரர், "அடுத்த வாரமும் வாங்க. உங்க கூட்டத்துல ஜெபம் பண்ணும்போது அந்நிய பாஷையில பேசுறதைப் பத்தி எனக்குக் கேக்கணும். எனக்கு அது சரியாப் படலை" என்றார். "எனக்கும் உங்க கமிட்டியைப் பத்திக் கேக்க நிறைய இருக்கு" என்றாள் அக்கா.

ஞானஸ்நானத்தன்று அக்கா வந்தாள். உள்ளே வரவில்லை. கோயில் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே, வெயிலில், முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். குருவானவர் பிள்ளையை வாங்கியபோது நான் அந்தக் கதவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள், உதடு அசைந்தது. பிள்ளை தலையில் தண்ணீர் பட்டு வீறிட்டது. அவளுடைய ஜெபம் எங்கள் ஜெபத்துக்கு எதிரானதா, துணையானதா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

இந்தப் பேச்சுக்கு விலையும் கொடுத்தோம். அடுத்த தேர்தலில் என் வீட்டுக்காரர் கமிட்டிக்குத் தேர்வாகவில்லை. கைதட்டிக் கூட்டத்தை வீட்டில் சேர்க்கிறவர் என்று பேச்சு. எங்கள் வீட்டுக்கு வந்துபோவதைப் பற்றிக் கொட்டகையில் அக்காவை எழுப்பி நிறுத்தி விசாரித்தார்கள். "நீங்களே வந்து அவங்ககிட்ட கேளுங்க" என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் வந்தார். சைக்கிளில் வந்த, மெலிந்த, கோபக்கார மனுஷர். காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடலாமா, ஜெபம் மட்டும் போதுமா என்பதில் அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் வந்த சண்டையில் பிள்ளை விழித்து அழுதான். பாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மூன்று வாரம் வரவில்லை. நான்காவது வாரம் எங்கள் குருவானவரும் பேச வந்திருந்த நேரமாகப் பார்த்து வந்து, "எங்க விட்டோம்?" என்று கேட்டார்.

விட்ட இடத்திலிருந்து பேசியும் அன்றைக்கும் முடிவான பதில் கிடைக்கவில்லை. மருந்து விஷயத்தில் பாஸ்டர் கடைசிவரை இறங்கவில்லை. அக்கா மறுபடி தாலி போடவில்லை. அத்தான் முழுக்கு எடுத்தார், எங்களிடம் சொல்லிவிட்டு எடுத்தார்; நாங்கள் எண்ணூருக்குப் போய்க் கரையில் நின்றோம். என் வீட்டுக்காரர் பாட்டுக்குக் கைதட்டவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டார் வராமல் இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றும், குரல்கள் அவ்வளவு உயரும். வரத் தாமதமானால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் மாடிப்படிக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.