பென்சிலில் எழுதிய ‘அருமை’

இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

தூத்துக்குடியில் எங்கள் பள்ளி அறிவியல் டீச்சர், உப்பளத்துப் பெண் ஒருத்தியைப் பற்றி நாவல் எழுதினாள். அது வெளிவந்த மாதமே ஒரு பெற்றோர் அதைத் தாளாளர் மேஜையில் போட்டு, "டீச்சர் எழுதுற எழுத்தா இது?" என்று கேட்டார். நான் தமிழாசிரியை என்பதால், ஆபாசமான வரிகளைக் குறித்துத் தரும் வேலை எனக்கு வந்தது. தலைமையாசிரியை பதவி காலியாக இருந்த நேரம். சிவப்பு மையால் ஏழு இடங்களில் கோடு போட்டேன். பக்கங்களைத் தேட வேண்டியிருக்கவில்லை.

விசாரணையன்று வழக்கம்போல் என்னைத்தான் ஜெபிக்கச் சொன்னார்கள். அவளுக்கு நல்ல புத்தி தரும்படி ஜெபித்தேன். பிறகு தாளாளர் உரக்க வாசித்தார்: 'அவளுடைய வெடித்த பாதத்தை அவன் முத்தமிட்டான், உப்புக் கரித்தது.' புத்தகத்தை மூடிவிட்டு, "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்" என்றார்.

வராந்தாவில் அவள் என்னை நிறுத்தினாள். அச்சுக்குப் போகும்முன் என்னிடம் படிக்கத் தந்திருந்த கையெழுத்துப் பிரதியைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தாள். அதே வரியின் கீழ் என் பென்சில் கோடு. ஓரத்தில் என் கையெழுத்தில், 'அருமை'.

"உள்ள வச்சு இதக் காட்டியிருந்தா உங்க வேலையும் போயிருக்கும்லா, அக்கா. நீங்களே வச்சுக்கிடுங்க."

வீட்டுக்கு வந்ததும் ரப்பரை எடுத்து உட்கார்ந்தேன். பென்சில்தானே, சுத்தமாக அழிந்தது.

இப்போது நான்தான் தலைமையாசிரியை. அந்த வரி இன்னும் எனக்கு மனப்பாடம்.