மார்கழியில் காலியாகாத வீடு

1998 டிசம்பர் 8, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபது. இரவெல்லாம் பெய்த மழை தூறலாகியிருந்தது. கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த ஆறு வீட்டு வரிசைக்கு வீட்டுக்காரர் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று சொன்னார்.

“தப்பா நினைக்காதீய சார். ஆஸ்பத்திரியிலயே கைய விரிச்சிட்டாவ. வீட்டுக்குள்ள ஒண்ணு ஆயிப்போச்சுன்னா பெறகு எவன் குடிவருவான்? மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்கிடுங்க.”

என் மனைவி எஸ்தருக்கு வயிற்றில் புற்றுநோய். கட்டிலில் கிடந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். “அப்போ நான் தெருவுலயா சாவணும்?” என்றாள். அன்றே வீடு தேடக் கிளம்பினேன்.

நூற்பாலை அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். ஆனாலும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் மாதா மாதம் வாடகை கொடுப்பவனுக்கு உரிமை ஏதும் கிடையாது என்றே நம்பினேன். ஒன்பது வீடு பார்த்தேன். கயத்தாறு வரை போனேன். படுத்த படுக்கையாய் ஓர் ஆள் என்றதும், வீட்டுக்கு ஏற்கெனவே ஆள் வந்துவிட்டது என்றார்கள்.

அதுவரை அவளுடைய சுகத்துக்காக ஜெபித்தேன். கர்த்தர் அதைத் தரவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன்: இந்தக் கட்டிலிலேயே அவள் கண்மூடட்டும். வாய்விட்டு அழுது கேட்டேன். வரிசை வீட்டின் நடுச்சுவர் மெல்லியது. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் அடுத்த வீட்டு மாரியம்மாள் அத்தனையும் கேட்டிருக்கிறாள்.

டிசம்பர் 20, ஞாயிறு. வீட்டுக்காரர் மறுபடி வந்தார். மாரியம்மாள் அவர் முன்னால் வந்து நின்றாள். மற்ற நான்கு வீட்டாரும் அவள் பின்னால்.

“அண்ணாச்சி, சாரு காலி பண்ணுனா நாங்களும் பண்ணுதோம். அஞ்சு வீட்டுச் சாவியும் முப்பத்தொண்ணாந்தேதி ஒங்க கையில. மார்கழியில எவன் வந்து பால் காய்ச்சுதான்னு பாப்போம்.”

“ஏட்டி, என்னையே மெரட்டுதியா? மார்கழியில நீங்க மட்டும் எங்கன போவீய?”

“அது எங்க பாடு. மாச வாடகைன்னா ரெண்டு பேருக்குந்தான மாசம்? நீங்க போவச் சொல்லலாம்னா நாங்களும் போவலாம்லா.”

எங்கள் ஊரில் மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அந்த வழக்கத்தைத்தான் எங்களுக்காக மீறத் துணிந்தார்கள். ஆறு வீடும் பூட்டிக் கிடப்பதை வீட்டுக்காரர் மனதில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். “சரி, தை பொறக்கட்டும்” என்று சொல்லிப் போய்விட்டார்.

ஜனவரி 6, புதன், காலை பத்து மணி. மாரியம்மாள் கரண்டியில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாய் இறங்கவில்லை. எஸ்தர் தன் கட்டிலிலேயே போனாள். கேட்டது கிடைத்தது. ஆனால் வீட்டில் நான் ஒருவன்தான் மிச்சம்.

இப்போது எந்த வீட்டு வாசலில் இப்படிப் பேச்சு எழுந்தாலும் நான் போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். என் விசுவாசத்துக்கு அதுதான் அடையாளம். சகோதரரே, சகோதரிகளே, கேட்பதெல்லாம் கிடைத்துவிடாது. ஆனாலும் கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள். கர்த்தர் யார் காதில் அதைப் போடுவார் என்று நமக்குத் தெரியாது.

தையில் வேறு வீட்டுக்குப் போனேன். வெள்ளையடிக்கவும் தீட்டுக் கழிக்கவும் என்று முன்பணத்தில் ஒரு தொகையை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். மீதியை எண்ணி வாங்கிக்கொண்டேன். அவள் தன் கட்டிலில் கண்மூட எனக்கு ஆன செலவு, எழுநூற்று எண்பது ரூபாய்.