பைகளுக்குக் காவல்

எம்.எஸ்சி. தாவரவியல் படித்தபோது எனக்கு இருந்தது ஒரே ஒரு தோழி. அவள் புளியங்குடிப் பக்கம், நான் அச்சன்புதூர். தென்காசி பஸ் ஸ்டாண்டில் சந்தித்து ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போவோம். அவளுக்குப் பிறவியிலேயே இடது கால் வளைவு, சாய்ந்துதான் நடப்பாள். ஆனால் ஓடிப்போய் ஜன்னல் சீட் பிடிப்பது அவள்தான். "ஏட்டி, ரெண்டு காலும் நல்லா இருந்தும் ஒனக்கு என்ன நடை இது?" என்று என் பர்தாவைப் பிடித்து இழுப்பாள்.

கடைசி வருடம் பெரணியும் பாசியும் சேகரிக்க எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஐந்தருவிக்கு மேலே காட்டுப்பாதையில் நாலு நாலு பேராக ஏற வேண்டும். "டீமை நீங்களே பிரிச்சுக்கோங்க" என்றார் சார். எங்கள் துறையில் அதுதான் வழக்கம். யார் டிபன் பாக்ஸில் யார் கை போடுவார்களோ, அவர்கள் ஒரு டீம். அவள் டிபன் பாக்ஸில் கை போடுகிறவள் நான் மட்டும்தான்.

அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. சார் அவளைப் பார்த்து, "பாதை வழுக்கும், நீ வேன்லயே இரும்மா. எல்லார் பையையும் பாத்துக்கோ" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் இன்னும் எரிகிறது. என்னை ஒரு டீமில் அரைமனதாகச் சேர்த்திருந்தார்கள். அவளுக்காகப் பேசினால் என்னையும் கழற்றிவிடுவார்களோ என்று பயந்து, என் பையையும் அவள் மடியில் வைத்துவிட்டு ஏறிப்போனேன்.

காட்டில் அவள் சேகரிக்கவில்லை என்பதால் அவளுடைய ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடத் துறையில் மறுத்துவிட்டார்கள். ரெக்கார்டு இல்லையென்றால் பிராக்டிக்கல் எழுத முடியாது, ஒரு வருடம் போகும். அவள் வீட்டில் இந்த வருடத்தோடு படிப்பை முடி என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பிஎச்.டி. என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் அதோடு சரி.

கல்லூரியில் இருந்த மூன்று குழுக்களுக்கும் அவள் புகார் எழுதினாள். பெண்கள் குழு மேடம், "மத்தப் பொம்பளப் பிள்ளைக எல்லாம் ஏறியிருக்காங்களே" என்றார். எஸ்.சி. மாணவர் குழுவில், "நம்ம பையங்க மூணு பேரும் போயிருக்கானுவளே" என்றார்கள். மாற்றுத்திறனாளி குழுவில், கால் முடியாத ஒரு பையனை அவன் கூட்டாளிகள் தோள்கொடுத்து ஏற்றிப்போனதைச் சொன்னார்கள். மூன்றும் உண்மை. ஆனாலும் வேனில் உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான்.

சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். "கால் முடியாதுன்னு விட்டுட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். வேறு காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் பக்கம் சாதியை யாரும் நேரில் கேட்க மாட்டார்கள். "எந்தத் தெரும்மா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அமைதியாகிவிடுவார்கள். நாலு பேர் முன்னால் அதைச் சொல்லாமல் விட்டு அவள் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். முட்டாள், முழு முட்டாள்!

நாலு நாள் பஸ்ஸில் அவள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னை வெறும் நொண்டின்னு சொல்லிட்டு வந்திருக்கியே?"

"சாதியைச் சொன்னா ஒனக்கு அசிங்கம்னு..."

"அசிங்கம் எனக்கா, ஏட்டி?"

பாவூர்சத்திரம் தாண்டும்வரை இரண்டு பேரும் அழுதுகொண்டே வந்தோம். கண்டக்டர் டிக்கெட் கேட்காமலே போய்விட்டார்.

மூன்று குழுவும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று அவள் முதல்வருக்கு எழுதினாள். உட்கார்ந்தார்கள். நான் எழுந்து நின்றேன். "அந்தப் பாறையில அவளைக் கைபிடிச்சுத்தான் ஏத்தணும் சார். பையங்க பிடிக்க முடியாது, அவ பொம்பளப் பிள்ளை. பொம்பளப் பிள்ளைக பிடிக்க மாட்டாக, அவ எஸ்.சி. கால் நல்லா இருந்தா யார் கையும் வேண்டாம், அவளே ஏறியிருப்பா. இதுல எதைப் பிரிச்சு எந்தக் குழுகிட்ட சொல்ல?" என்றேன். மாற்றுத்திறனாளி குழுவிலிருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இன்னொரு நாள் போய்வர அனுமதி வந்தது. கடிதத்தில் 'மனிதாபிமான அடிப்படையில்' என்று இருந்தது. "மனிதாபிமானத்தை அவங்களே வச்சுக்கிடட்டும், எனக்கு ரெக்கார்டு போதும்" என்று அந்த இரண்டு சொல்லையும் பேனாவால் அடித்துவிட்டுத்தான் மடித்து வைத்தாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

துணைக்கு நான் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வேனில் எங்கள் பைகளை டிரைவர் அண்ணாச்சி பார்த்துக்கொண்டார். முதல் பாறைக்கு வந்ததும் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒரு எட்டு, இன்னொரு எட்டு, அவ்வளவுதான். ஏறி முடித்த பிறகும் அவள் கையை விடவில்லை.

"என்னட்டி, ஒன் கை இப்படி வேர்க்கு?"

"பயமா இருக்கு."

"இவ்வளவுதானே வேலை," என்றாள், கோபமே இல்லாமல். "அன்னைக்கே குடுத்திருக்கலாம்லா?"