அப்பளக்காரர் வீட்டு அம்மா

கல்லிடைக்குறிச்சி வைத்திக்கு வாய்தான் முதல். அப்பளப் பெட்டியோடு ரயிலேறினால், அந்தந்த ஊர்ப் பேரைச் சொல்லித்தான் விற்பார். பாலக்காட்டில் அது பப்படம். பூரி மாதிரி உப்ப வேண்டும். மைசூரில் ஹப்பள, நெல்லூரில் அப்படம். வடக்கே பாபட், மிளகு தூக்கலாகப் போட்டுத் தணலில் சுடுவார்கள். பேர் மாறும், பக்குவம் மாறும், மனுஷர் விடுகிற கதை மட்டும் எந்த பாஷையிலும் மாறாது. எல்லாம் எங்கம்மா கையால் இட்டது என்பார்.

அம்மா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. இடுவதெல்லாம் சேரிக் கிழவி முத்துராணி. வயல்வேலை இல்லாத நாளெல்லாம் கொல்லை வழியாக வந்து, கொட்டகையில் உட்கார்ந்து இட்டு, அந்த வழியாகவே போய்விடுவாள். வீட்டுக்குள் அவள் கால் வைத்ததில்லை. வா என்று யாரும் சொன்னதுமில்லை.

போன தை மாதம், மைசூர்க் கடைக்காரி கௌரம்மா பாபநாசம் கோயிலுக்கு வந்தவள், நேரே வைத்தி வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டாள். ஹப்பள இடுகிற அம்மாவைக் கும்பிடாமல் போவதில்லையாம். இடுவதைக் கண்ணால் பார்க்கவும் வேண்டுமாம். பொய் வெளுத்தால் மைசூர் வியாபாரம் அன்றோடு சரி. மனைவி பாலாம்பாளை அம்மா என்று காட்ட முடியுமா? வைத்தி கொட்டகைக்கு ஓடினார்.

"முத்துராணி, கொஞ்ச நாழி எங்கம்மாவா இரு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். பாலாம்பாள் அவசரமாக ஒரு புடவை கொடுத்தாள். கூடத்தில் உட்கார்ந்து முத்துராணி நாலு அப்பளம் இட்டுக் காட்டினாள். கௌரம்மா கண் கலங்கிப்போய், நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டாள். அதோடு விட்டாளா? மகனும் அம்மாவைக் கும்பிடட்டும் என்று வைத்தியைப் பிடித்து இழுத்தாள்.

வைத்தி குனிந்தார். விரல் தரையைத் தொட்டது, அவள் காலைத் தொடவில்லை. கௌரம்மா கவனிக்கவில்லை. முத்துராணி கவனித்தாள்.

கார் போனதும் அவள் தன் சேலைக்கு மாறி, வாங்கிய புடவையை மடித்து வைத்தாள்.

"நாளைக்கு நான் எந்த வாசலுக்கு வரட்டும் சாமி?"

அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது வைத்திக்கு. முன்வாசலுக்கு வா என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் தெருவில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். வைத்தி தலையைக் குனிந்துகொண்டார்.

முத்துராணி பைய கொல்லைப் பக்கம் நடந்தாள்.