நூடில்ஸ் கடையில் நாங்கள் சொல்லாமல் வைத்திருந்த செய்தி

எனக்கு இருபத்து மூன்று வயதாக இருந்தபோது, ஒரு சாவுச் செய்தியை நானும் அப்பாவும் நான்கு மாதம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தோம். அந்தச் செய்தி யாருக்குப் போய்ச் சேரவேண்டுமோ, அவர் கையால் சமைத்த நூடில்ஸை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்கு முன்னால் இருந்தே சாப்பிட்டோம். இதை வேறு மாதிரிச் சொல்லி என்னை நல்லவளாக்கிக் கொள்ள எனக்கு விருப்பமில்லை.

கடை திருகோணமலை உள்துறைமுகத்துக்குப் போகிற வழியில், கப்பல் சாமான் அடுக்குகிற கிட்டங்கிகள் முடிகிற இடத்தில் இருந்தது. ஆறு மேசை, சுவரில் ஒரு கலண்டர், குசினிக்கும் மேசைகளுக்கும் நடுவில் இடுப்பளவு மறைப்பு. ஊர் முழுக்க அதைச் 'சீனன் கடை' என்றது. அவர் முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். அவர் மாவை அடித்துப் பிசைந்து, இரண்டு கையாலும் நீளமாக இழுத்து, மடித்து, மறுபடி இழுப்பார். ஏழெட்டுத் தரம் இழுத்ததும் அது நூல் நூலாகப் பிரிந்து கொதிநீருக்குள் போகும். மேலே ஊற்றுகிற குழம்பு தார் போலக் கறுப்பு. புளிக்கவைத்த சோயா, வெங்காயம், பன்றியிறைச்சி. முதல்முறை பார்க்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், இரண்டாம் முறை தாங்களாகவே வருவார்கள். தொட்டுக்கொள்ள மிளகாய் இடித்த கட்டைச் சம்பல் இருக்கிறதா என்று கேட்கிற ஆட்களும் உண்டு. மாமா கோபிக்காமல் அதையும் கொடுப்பார். கிண்ணியாவிலிருந்து வருகிற முஸ்லிம் வியாபாரிகள் வாசல்பக்க மேசையோடு நின்றுகொள்வார்கள். அவர்களுக்கு அவிச்ச முட்டையும் வெறுந்தேத்தண்ணியும் கதையும்.

அம்மா இறந்த பிறகுதான் நாங்கள் அங்கே போகத் தொடங்கினோம். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் எஞ்சின் பார்த்தவர். நான் கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்தாளர். சனிக்கிழமை இரண்டு பேருக்கும் அரைநாள் வேலை. வீட்டில் அடுப்பு மூட்ட இருவருக்கும் மனம் வராத நாள் அது. அம்மா போன செய்தி அப்பாவுக்குப் படகிலே வந்தது. மத்தியானம், கையிலே சோறு. செய்தி கொண்டு வந்தவன் படியில் நின்றபடியே உரத்துச் சொல்லிவிட்டான். அப்பா அந்தச் சோற்றை உதறவும் தெரியாமல் விழுங்கவும் தெரியாமல் அப்படியே கையை நீட்டிக்கொண்டு இருந்தாராம். எங்கள் பக்கத்தில் சாப்பிடுகிறவனுக்கு இழவு சொல்வதில்லை. அவன் எழும்பிக் கை கழுவும்வரை பொறுப்பார்கள். அந்த மனுசன் பொறுக்கவில்லை. அப்பா அவனைக் கடைசிவரை மன்னிக்கவும் இல்லை.

மாமா சீனாவின் வடக்கே ஷான்டொங்கிலிருந்து வந்தவர். இளவயதில் துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவர். எங்கள் தமிழ் அவருக்கு அப்படி வந்ததுதான். தாய் தகப்பன் இல்லாமல் போனபோது அவரைத் தூக்கி வளர்த்தது மூத்த அண்ணன். பஞ்சம் வந்ததும் அண்ணன் கடல் தாண்டிக் கொரியாவுக்குப் போக, தம்பி தெற்கே வந்துவிட்டார். நாற்பது வருசமாக ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றும் தெரியாது.

ஒருநாள் கொரியக் கப்பலொன்றின் மாலுமிகள் சாப்பிட வந்தார்கள். கறுப்புக் குழம்பைக் கண்டதும் மேசையில் தட்டிக் கூத்தாடினார்கள். தங்கள் துறைமுகத்திலும் ஷான்டொங் ஆட்கள் இதே சாப்பாட்டை விற்கிறார்கள், பச்சை வெங்காயம்கூட இப்படித்தான் வைப்பார்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்கள். நான்தான் மாமாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவர் அன்றைக்கே கடிதம் எழுதினார். அண்ணனின் பெயர், கிராமத்தின் பெயர், முதுகில் இருக்கிற தழும்பு. அதை எங்கள் கந்தோர் வழியாகக் கப்பலுக்குக் கொடுத்தேன். ஒரு வருசத்துக்குள் பதில் வந்தது. நாலே நாலு வரி. அண்ணன் உயிரோடு இருந்தார், நூடில்ஸ்தான் விற்றார். மாமா அந்தத் தாளைக் கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்து, மா பிசைகிற கையைத் துடைத்துவிட்டு வந்து வந்து பார்ப்பார். உடனே இரண்டாவது கடிதம் எழுதினார். அதற்குள் மகளின் படமும் வைத்தார்.

இரண்டாவதற்கான பதில் என் மேசைக்கு வந்தது. சித்திரை வருசப்பிறப்பு முடிந்த கிழமை. கப்பலின் இரண்டாவது அதிகாரி பத்திரங்களில் கையெழுத்து வைத்துவிட்டு, மடித்த தாளொன்றை என் பக்கம் தள்ளினார். பெரிய பெரிய ஆங்கில எழுத்து. நூடில்ஸ் கடைப் பெரியவர் குளிர்காலத்தில் இறந்துவிட்டார், கடை பூட்டிக் கிடக்கிறது, கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தோம், வருந்துகிறோம். அவ்வளவும்தான். நான் வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் தொப்பியைக் கையில் எடுத்திருந்தார். கப்பல் அன்றைக்கே போய்விட்டது.

நான் நேரே கடைக்குப் போயிருக்கலாம். கந்தோரிலிருந்து ஐந்து நிமிட நடை. ஆனால் எங்கள் ஆட்களில் இழவு சொல்லப் போவது ஆம்பிளைகள். கலியாணமாகாத பிள்ளை போய் ஒரு வாசலில் நின்று சாவு சொல்லுவதாவது! அப்படித்தான் எனக்கும் பட்டது. பத்து விரலாலும் தட்டெழுதுகிற, ஆங்கிலம் பேசுகிற எனக்கு. தாளை அப்பாவிடம் கொடுத்தேன். "சனிக்கிழமை நான் சொல்லுறன்" என்றார் அப்பா.

சனிக்கிழமை போனோம். இரண்டு மேசையில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "பொறு பிள்ளை, இவையள் எழும்பட்டும்" என்றார். அவர்கள் எழும்ப முன்னம் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கடையில் யாரும் சாப்பிடாத நேரம் என்று ஒன்று இருக்கிறதா? அடுப்பு வேலை ஓய்ந்ததும் மாமா வழக்கம்போல ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து அப்பாவுக்கு எதிர்க் கதிரையில் இருந்தார். "அண்ணை, கொரியக் கப்பல் ஏதும் வந்ததோ?" என்று கேட்டார். வயதில் அவர்தான் ஒன்றிரண்டு கூட, ஆனாலும் ஊர் வழக்கப்படி அப்பா அவருக்கு அண்ணை. அப்பா நூடில்ஸைப் பார்த்துக்கொண்டு, "இல்லை, ஒண்டும் வரேல்லை" என்றார். நான் என்ன செய்தேன்? சாப்பிட்டேன்.

அடுத்த சனியும் அதே கேள்வி, அதே பதில். ஒருமுறை அப்பா விடியக்காலையிலே தனியப் போனார். மாமா அப்போதுதான் அடுப்பு மூட்டினாராம், முதல் நெருப்போடு சாவைப் பற்றிக் கதைக்க ஏலாது என்று திரும்பி வந்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. பிறகு மாமாவுக்குக் காய்ச்சல். எனக்கு எரிச்சல் வந்தது. "அப்பா, உங்களுக்குப் பயம். முறை எண்டு சாட்டுச் சொல்லுறீங்கள்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஓம், பயந்தான். அந்த மனுசன் எப்பவும் ஏதோ ஒண்டு கையிலை வைச்சுக்கொண்டுதானே நிக்குது" என்றார். அப்பாவின் கை சோற்றோடு நீண்டிருந்ததை நினைத்துக்கொண்டு நான் வாயை மூடினேன். அப்படி மூடியது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

ஆடி மாதம் மாமா மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. அவள் என்னைவிட ஒரு வயது இளையவள், என்னோடு ஒரே பள்ளிக்கூடம். மாப்பிள்ளை கொழும்பில் பல் கட்டுகிற சீனக் குடும்பம். அப்பாவுக்கு இப்போது புதுக் காரணம் கிடைத்துவிட்டது. கலியாணவீட்டில் பெரியப்பன் செத்த செய்தியைச் சொன்னால் துடக்கு, தீட்டு, கலியாணம் நின்றுபோகும், நாள் வைத்து நின்றுபோன பெட்டையை யார் கட்டுவார்கள்? எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்திருக்கும். அவர்கள் வீட்டில் எப்படி என்று அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. முடியட்டும், அடுத்த நாளே சொல்லுவோம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். அந்தத் தரம் நானும் முழுமனதோடு சம்மதித்தேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேசைகளைச் சுவரோடு தள்ளிவிட்டுக் கடைக்குள்ளேயே கலியாணம் நடந்தது. எங்கும் சிவப்புக் கடுதாசி. பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் முழந்தாளில் இருந்து தேத்தண்ணி கொடுக்கவேண்டும். அதுதான் அவர்களுக்குத் தாலி மாதிரி. நடுவில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. மாமா வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். "இது எங்கடை பெரியண்ணையின்ரை இடம். அவராலை வர ஏலாது. அண்ணைக்குப் பதிலாய் நீங்கள் இருங்கோ" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. ஐம்பது பேர் நின்றார்கள். அவர் போய் இருந்தார். பெண் முழந்தாளில் இருந்து இரண்டு கையாலும் கோப்பையை நீட்டி, பெரியப்பா நீண்ட காலம் வாழவேண்டும் என்று அவர்கள் மொழியில் சொன்னாள். மாமா அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார், சொல்லும்போது சிரித்தார். அப்பா கோப்பையை வாங்கிக் குடித்தார். ஒரே மடக்கில் குடித்ததால் வாய் வெந்திருக்கவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை அப்பா கடைக்குள் போகவில்லை. என்னை உள்ளே அனுப்பி மாமாவை வெளியே கூப்பிட்டார். மாமா கையில் மா ஒட்டியபடி வந்தார். மூவரும் கிட்டங்கி மதிலோரம் நின்றோம். அப்பா சொன்னார். இரண்டே வசனம். மாமா அசையவில்லை. "எப்ப?" என்றார். நான் தாளை நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, என்றாலும் தாளை விரித்துக் கடைசி எழுத்துவரை பார்த்தார்.

"இது எப்ப வந்தது, பிள்ளை?"

"சித்திரையிலை, மாமா."

அவர் தாளை மடித்தார். அப்பாவைப் பார்த்து, "அண்ணை, தெரிஞ்சுகொண்டோ அந்தத் தேத்தண்ணியைக் குடிச்சனீங்கள்?" என்று கேட்டார். குரல் உயரவில்லை.

"ஓம்" என்றார் அப்பா.

மாமா உள்ளே போனார், ஏனென்றால் யாரோ நூடில்ஸ் கேட்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் எங்களுக்கும் இரண்டு கோப்பை நூடில்ஸ் கொண்டுவந்து, நாங்கள் வழக்கமாக இருக்கிற மேசையில் வைத்துவிட்டுப் போனார். வராதீர்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அப்பாவும் சனிக்கிழமைகளில் போவதை நிறுத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து அடுப்பு வேலை ஓய்ந்தாலும் மாமா எங்கள் மேசைக்கு வந்து இருக்கவில்லை. குசினிக்குள்ளேயே நின்று தேத்தண்ணி குடித்தார். அப்பா எதிர்க் கதிரையைப் பார்த்தபடி மெதுவாகச் சாப்பிடுவார்.

ஐப்பசியில் அவர் மகள் கொழும்பிலிருந்து வந்தபோது என் கந்தோருக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

"கலியாணம் நிண்டுபோகும் எண்டு நினைச்சீங்களோ அக்கா?" என்றாள்.

"ஓம்."

"நிண்டிராது. செத்தவருக்கெண்டால் தேத்தண்ணியைக் கதிரைக்கு முன்னாலை நிலத்திலை ஊத்திறது. பிறகு மற்ற ஆளுக்குக் குடுக்கிறது. ஒரு கோப்பை கூடத் தேவை, அவ்வளவுதான்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "அப்பா உங்களைக் குறை சொல்லேல்லை. அண்ணை செத்துக்கிடக்க நான் சிவப்புக் கட்டிச் சிரிச்சுக்கொண்டு நிண்டனான் எண்டு தன்னைத்தான் சொல்லுறார்."

அவள் போன பிறகு அன்றைக்கு ஒரு கடிதம்கூட என்னால் பிழையில்லாமல் தட்டெழுத முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். உங்கள் வீட்டில் இப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்று பள்ளிக்கூடச் சிநேகிதியிடம் ஒரு வார்த்தை. எங்கள் முறையே உலகத்து முறை என்று நினைத்து, ஒரு மனிதனுடைய துக்கத்தை நாங்கள் எடுத்து வைத்துக்கொண்டோம். இதற்காக வெட்கப்படுகிறேன், இன்றும்.

இரண்டு வருசம் கழித்து அப்பா போனார். விடியப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பினார், ஆஸ்பத்திரி வாசல்வரையும்தான் உயிர் இருந்தது. மத்தியானம் வீடு நிறைய ஆட்கள். எங்கெங்கு ஆள் அனுப்புவது என்று பெரியவர்கள் கதிரை போட்டு இருந்து கதைத்தார்கள். கிண்ணியாவுக்கு ஒருவர், உப்புவெளிக்கு ஒருவர். சீனன் கடைக்குப் பின்னேரம் யாராவது போகட்டும், இப்போது சாப்பாட்டு நேரம் என்றார்கள்.

நான் செருப்பைக் கொழுவிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் யாரோ, "பொம்பிளைப்பிள்ளை எங்கை போறாய்?" என்றார்கள். திரும்பவில்லை. தலை விரித்தபடி, வெயிலில், கிட்டங்கிகளைக் கடந்து நடந்தேன். கடையில் ஆறு மேசையும் நிறைந்திருந்தது. எல்லோருடைய கையிலும் வாயிலும் சாப்பாடு. மாமா இரண்டு கைக்கும் நடுவில் மாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மறைப்புக்கு முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"மாமா, அப்பா செத்துப்போனார்."

மாமா மாவைப் பலகையில் வைத்தார்.

"எப்ப?"

"இண்டைக்கு விடிய."

"இண்டைக்கோ?" என்றார். என் முகத்தைப் பார்த்தார். "இண்டைக்கே வந்து சொல்லிப்போட்டீர், பிள்ளை" என்று சொல்லி, மாக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.